புகார் யாருடையது? குழந்தை மனநல சிகிச்சையின் முதல் கேள்வி

பெரியவர் ஒருவர் மனநல மருத்துவரிடம் போனால், தூக்கம் வரவில்லை, மனசு பாரமாக இருக்கிறது, காரணமில்லாமல் பயமாக இருக்கிறது என்று அவரே வாய்திறந்து சொல்வார். குழந்தை மனநல மருத்துவரின் அறையில் காட்சி வேறு. "என்ன பிரச்சினை?" என்று கேட்டதும் அம்மா பேச ஆரம்பிக்கிறார். அப்பா நடுவில் ஒரு திருத்தம் சொல்கிறார். பள்ளியில் எழுதிக் கொடுத்த கடிதம் மேசைக்கு வருகிறது. இத்தனையும் யாரைப் பற்றிப் பேசப்படுகிறதோ அந்த ஒன்பது வயதுப் பையன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறான். அவனிடம் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பான். பல சமயம் அவனைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

நோயாளி ஒருவர், புகார் சொல்பவர் இன்னொருவர். மற்ற மருத்துவப் பிரிவுகளிலும் சின்னப் பிள்ளைக்காகப் பெற்றோர்தான் பேசுகிறார்கள், சரி. ஆனால் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. அம்மா பதறிப்போய்க் கூட்டிச் சொன்னாலும் அது கூட்டிச் சொல்லாது. மனநலத்தில் அப்படி ஒரு கருவி இல்லை. கவனம் நிற்காமல் துறுதுறுவென்று அலையவைக்கும் ஏ.டி.எச்.டி.யையோ மனச்சோர்வையோ உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. கையில் இருப்பது கேட்ட சொல்லும் பார்த்த நடத்தையும்தான். யார் சொன்ன சொல் என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறிவிடலாம். ஏன் இவ்வளவு கேள்வி, ஏன் பெற்றோரையும் உட்காரவைத்து சிகிச்சை, மாத்திரை என்றால் ஏன் இத்தனை முறை வரச் சொல்கிறார்கள் என்றெல்லாம் முதன்முறை போகிறவர்களுக்கு எரிச்சலூட்டும் பல விஷயங்கள் இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் கிளம்புகின்றன.

நீதிமன்றத்தில் பிறந்த துறை

துறை பிறந்த கதையே அப்படிப்பட்டது. 1899இல் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் திறக்கப்பட்டது. திருடியவன், வீட்டைவிட்டு ஓடியவள், பள்ளிப் பக்கமே போகாதவன் என்று பிள்ளைகள் நீதிபதிமுன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். சிலர் திரும்பத் திரும்ப வந்தார்கள். தண்டித்தும் பயனில்லை, மன்னித்தும் பயனில்லை. இவர்களை என்னதான் செய்வது என்று பார்க்கச் சொல்லி 1909இல் வில்லியம் ஹீலி என்ற மருத்துவரின் பொறுப்பில் ஓர் ஆய்வு நிலையம் ஏற்படுத்தினார்கள். புகார் கொடுத்தது போலீஸ், பள்ளி, சில சமயம் பெற்றோரே. ஹீலி அந்தப் புகாரோடு நிற்கவில்லை. உடம்பைச் சோதித்தார், அறிவுத்திறன் சோதனை வைத்தார், அப்புறம் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து நடந்ததை அவன் வாயாலேயே சொல்லவைத்தார். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும் என்பதே அன்று புது யோசனை.

1920களில் இந்த முறை பல நகரங்களுக்குப் பரவி 'குழந்தை வழிகாட்டல்' நிலையங்கள் தோன்றின. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று மூவர் கொண்ட குழு. மருத்துவர் பிள்ளையைப் பார்ப்பார், சமூகப் பணியாளர் அம்மாவிடம் பேசுவார். குழுவாக வேலை செய்யும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். கூடவே ஒரு நோயும் வந்து ஒட்டிக்கொண்டது: அம்மாவைக் குற்றம் சொல்லும் நோய்.

லியோ கானர் 1930இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென மனநலப் பிரிவைத் தொடங்கியவர். 1943இல் பதினொரு பிள்ளைகளை வைத்து ஆட்டிசத்தை முதன்முதலாக விவரமாக எழுதியவரும் அவர்தான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உணர்ச்சி குறைந்தவர்களாகத் தெரிகிறார்கள் என்று அவர் குறித்ததைப் பிடித்துக்கொண்டு, பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு தலைமுறையே நம்பியது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளைப் பரிசோதித்தார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். இரு தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் காரணம் மரபணுவில் இருக்கிறது என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. இடைப்பட்ட முப்பது வருடங்களில் எத்தனை அம்மாக்கள் தங்களைத் தாங்களே குற்றவாளியாக எண்ணிக் குமைந்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஒரே பிள்ளை, மூன்று கதைகள்

இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் வைட் என்றொரு தீவு. 1960களின் நடுவில் அதே மைக்கேல் ரட்டர், ஜேக் டிசார்ட், கிங்ஸ்லி விட்மோர் ஆகியோருடன் சேர்ந்து அந்தத் தீவிலுள்ள 10, 11 வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கணக்கெடுத்தார். மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணாமல் ஊரிலுள்ள பிள்ளைகளையே தேடிப்போய் எண்ணியதுதான் இதன் புதுமை. நூற்றுக்கு ஆறேழு பிள்ளைகளுக்கு மனநலக் கோளாறு இருந்தது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது இன்னொரு விஷயம். பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். இரண்டிலும் கணிசமான பிள்ளைகள் 'கவனிக்க வேண்டியவர்கள்' என்று தேறினார்கள். ஆனால் பெற்றோர் காட்டிய பிள்ளைகளும் ஆசிரியர் காட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பிள்ளைகள்.

யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் எரிமலையாக இருப்பவன் வகுப்பில் வாய்பேசாமல் இருக்கலாம். வகுப்பில் ஒரு நிமிடம் அமராதவள் வீட்டில் தனியாக மணிக்கணக்கில் படம் வரையலாம். அதே பிள்ளைகளை 14, 15 வயதில் மறுபடி பார்த்தபோது மூன்றாவது கதை ஒன்று வெளிப்பட்டது. இந்தமுறை பிள்ளைகளிடமே விரிவாகக் கேட்டார்கள். தங்களுக்குள் இருக்கும் துயரத்தையும் தாழ்வுணர்ச்சியையும் அவர்களில் பலர் சொன்னார்கள். வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பெரியவர்களில் அநேகருக்கு அது தெரியவே இல்லை.

பொதுவாக ஒரு விதி உண்டு. வெளியே தெரியும் கோளாறுகளை, அதாவது ஓட்டம், அடிதடி, பிடிவாதம், பொய் போன்றவற்றைப் பெரியவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். உள்ளே நடப்பதை, பயம், சோகம், திரும்பத் திரும்ப வரும் வேண்டாத எண்ணம் போன்றவற்றைப் பிள்ளைதான் சொல்ல முடியும். முன்னது பிறரைத் தொந்தரவு செய்வதால் சீக்கிரம் மருத்துவரிடம் வந்துவிடும். பின்னது யாரையும் தொந்தரவு செய்யாது. அமைதியான பிள்ளை, சமர்த்து என்ற பெயரோடு வருடக்கணக்கில் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் முதல் சந்திப்பு ஒரு மணிநேரத்துக்கு மேல் இழுக்கிறது, பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதும் இல்லை. கர்ப்பகாலம் முதல் கேட்பார்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், குறட்டை உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, வீட்டில் யார் யாருடன் பேசுவதில்லை. காது, கண் சோதனை ஆனதா என்பது வேண்டாத கேள்வியாகத் தோன்றும். காது சரியாகக் கேட்காத பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதைச் செய்யாது. 'கவனக்குறைவு' என்று பள்ளி எழுதி அனுப்பிவிடும். ராத்திரி மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெடும் பிள்ளை பகலில் சோர்ந்து கிடக்காமல் துறுதுறுவென்று ஓடும், எரிந்து விழும். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு வகுப்பில் கோமாளித்தனம் செய்வது ஒரு தப்பிக்கும் வழி. முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிடக் குறும்பன் என்று பெயர் வாங்குவது மேல் அல்லவா? வன்முறை நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை எப்போதும் கதவைப் பார்த்தபடி இருக்கும். பாடத்தில் கவனமில்லை என்பது உண்மைதான். கவனம் முழுக்க வேறிடத்தில், அதற்குத் தேவையான இடத்தில் இருக்கிறது.

ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்று டி.எஸ்.எம். என்னும் அமெரிக்க நோய்ப் பட்டியல் நிபந்தனை வைப்பது இதனால்தான். ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் தெரியும் நோய், நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு.

அப்புறம் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையுடன் தனியாக. பதினாறு வயதுப் பெண்ணிடம் பேசலாம். ஆறு வயதுப் பையனிடம் "உன் மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். லண்டனின் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் நாற்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த டொனால்ட் வினிகாட் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்குவதுபோல் வளைந்து நெளிந்து ஒரு கோடு போடுவார். அதைப் பிள்ளை ஏதாவது ஒரு படமாக மாற்ற வேண்டும். அடுத்து பிள்ளை கோடு போடும், அவர் படமாக்க வேண்டும். நெளிந்த கோடு பாம்பாகும், படகாகும், தூங்கும் ஆளாகும். பத்துப் பதினைந்து தாள் ஆவதற்குள் பேச்சு தானாக வந்துவிடும். தூங்கும் ஆளை ஏன் யாரும் எழுப்பவில்லை என்று பிள்ளையே சொல்ல ஆரம்பிக்கும். வீட்டுப் படத்தில் கதவு இல்லையென்றால் இன்ன அர்த்தம், கறுப்புக் கலரை எடுத்தால் இன்ன அர்த்தம் என்று ஜோசியம் சொல்பவர்களை நம்பத் தேவையில்லை. படம் ஒரு சாக்கு. வரைந்துகொண்டிருக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் சொல்ல எளிதாகிறது.

அறிகுறிகளும் வயதுக்கு ஏற்ப வேஷம் மாறும். பெரியவரின் மனச்சோர்வுக்குச் சோகம் அடையாளம் என்றால், பிள்ளைகளிடம் அது எரிச்சலாக, சதா சிடுசிடுப்பாக வரலாம், டி.எஸ்.எம். இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. பதற்றம் 'பதற்றம்' என்ற பெயரில் வராது. பள்ளி நாட்களில் காலையில் மட்டும் வரும் வயிற்று வலியாக வரும். அந்த வலி நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். நான்கு வயதில் கண்ணுக்குத் தெரியாத நண்பனோடு பேசுவது விளையாட்டு. பதினேழு வயதில் யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்றால் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் மனநலக் கோளாறு இருக்கிறது. பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. 'வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும்' என்பது பல பிள்ளைகளுக்குப் பலிக்கும். பலிக்காதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு, விளையாட்டு இவற்றில் எத்தனை கெட்டிருக்கிறது, எத்தனை வாரமாக என்பதுதான் நடைமுறையில் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

சிகிச்சை யாருக்கு?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் "நீங்கள் வாருங்கள்" என்று பெற்றோரை அழைக்கிறார்கள். பலருக்கு இது அவமானமாகப் படும். நம்மைக் குற்றம் சொல்கிறார்களோ என்று தோன்றும். மேலே சொன்ன வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. ஆனால் இன்றைய காரணம் வேறு. வாரத்துக்கு ஒரு மணிநேரம் பார்க்கும் சிகிச்சையாளரைவிட, மற்ற நேரமெல்லாம் கூட இருக்கும் பெற்றோரின் கையில்தான் நெம்புகோல் இருக்கிறது.

அடங்காத சின்னப் பிள்ளைகளுக்காக 1970களில் ஷீலா ஐபர்க் உருவாக்கிய ஒரு முறையைப் பார்ப்போம். பொம்மைகள் பரப்பிய அறையில் அம்மாவும் நான்கு வயது மகனும். ஒருபக்கம் மட்டும் பார்க்க முடியும் கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர். அம்மாவின் காதில் சின்ன ஒலிப்பான். முதல் கட்டத்தில் அம்மா கேள்வி கேட்கக்கூடாது, கட்டளை இடக்கூடாது, குறை சொல்லக்கூடாது. முயன்று பார்த்தால்தான் தெரியும், ஐந்து நிமிடம் இப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. பையன் சிவப்புக் கட்டையை அடுக்குகிறான். "இது என்ன கலர் சொல்லு?" என்று அம்மா வாயெடுக்கிறார். காதில் குரல் கேட்கிறது: கேள்வி வேண்டாம், அவன் செய்வதைச் சொல்லுங்கள். "சிவப்புக் கட்டையை மேல வைக்கிற" என்கிறார் அம்மா. பையன் நிமிர்ந்து ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டையை எடுக்கிறான். 'நல்ல பையன்' என்ற பொத்தாம்பொதுப் பாராட்டுக்குப் பதிலாக 'கட்டையை மெதுவா வச்ச, ரொம்ப நல்லா இருக்கு' என்று எதற்குப் பாராட்டு என்பதைச் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறார்கள். இந்த ஒட்டுதல் வந்த பிறகுதான் இரண்டாம் கட்டத்தில் கட்டளை, கண்டிப்பு எல்லாம். தினமும் வீட்டில் ஐந்து நிமிடம் இதே விளையாட்டு, வீட்டுப்பாடமாக.

பதற்றக் கோளாறில் இது இன்னும் ஒருபடி மேலே போகிறது. பயந்த பிள்ளைக்காகப் பெற்றோர் செய்யும் உதவிகளே பயத்தை வளர்க்கும். "கதவைப் பூட்டியாச்சா?" என்று பிள்ளை இருபது முறை கேட்டால் இருபது முறையும் ஆமாம் என்று சொல்வது அன்பு, அந்த நிமிடம் நிம்மதியும் கொடுக்கும். இருபத்தோராவது முறை கேட்கவும் வைக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு, பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோரை மட்டும் பார்க்கும் ஒரு சிகிச்சையை உருவாக்கியது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால சமாளிக்க முடியும்" என்று சொல்லி, உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் கற்றுத்தருகிறார்கள். 2019இல் வெளியான அவர்களின் ஆய்வில் பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகள். பாதிப்பேருக்கு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் வழக்கமான பேச்சுச் சிகிச்சையான சி.பி.டி., மீதிப்பேரின் பெற்றோருக்கு மட்டும் இந்தப் பயிற்சி. பலன் சி.பி.டி.க்குக் குறையவில்லை. நோயாளி வராமலேயே நோய் தணிகிறது!

பட்டினி கிடந்து மெலியும் அனோரெக்சியாவிலும் இதே திருப்பம் நடந்தது. முன்பெல்லாம் பெற்றோரை விலக்கிவைத்துப் பிள்ளையை வார்டில் சேர்ப்பார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை, சாப்பாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகப் பெற்றோர் கையிலேயே கொடுத்தது. தொடக்கத்திலேயே ஒருநாள் குடும்பமே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து சிகிச்சையாளர் முன்னால் சாப்பிட வேண்டும். மகள் போதும் என்று தள்ளிவைத்த பிறகு, இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட வைப்பதுதான் அன்றைய வேலை. அந்த ஒரு வாய்க்கு அரைமணிநேரம் ஆகலாம், அழுகை வரும், தட்டு பறக்கலாம். பதின்பருவத்து அனோரெக்சியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த வகைச் சிகிச்சைதான்.

மாத்திரை

1937. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிள்ளைகளுக்கான ஒரு சிகிச்சை இல்லம். அங்கே சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பிள்ளைகளின் மூளையை எக்ஸ்ரே எடுக்க, முதுகெலும்பு வழியே திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தும் பழைய முறையைப் பயன்படுத்தி வந்தார். அதனால் கடுமையான தலைவலி வரும். தலைவலிக்கு உதவுமோ என்று பென்ஸட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சில பிள்ளைகள் பாடத்தில் திடீரென்று முன்னேறுவதை ஆசிரியர்கள் கவனித்தார்கள். முப்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது ஏறக்குறைய பாதிப்பேரிடம் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊக்க மருந்து எப்படி அமைதிப்படுத்துகிறது என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். இன்று ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் இவ்வகை மருந்துகள் மூளையில் டோப்பமின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருட்களின் அளவைக் கூட்டி, கவனத்தையும் கட்டுப்பாட்டையும் நிர்வகிக்கும் முன்மூளைப் பகுதியை நன்றாக வேலை செய்ய வைக்கின்றன. கடிவாளத்துக்கு வலு கூடினால் குதிரை அடங்குகிறது.

பிராட்லியின் பிள்ளைகள் மாற்றத்தைத் தாங்களே உணர்ந்து பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் நல்ல மருத்துவம் அந்தக் குரலைத் தேடும். 1999இல் வெளியான எம்.டி.ஏ. என்ற ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள, 7 முதல் 9 வயது வரையான 579 பிள்ளைகள் பதினான்கு மாதம் கண்காணிக்கப்பட்டார்கள். ஆய்வுக் குழுவே மருந்து கொடுத்துக் கவனித்தவர்கள், நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள், இரண்டும் பெற்றவர்கள், வழக்கம்போல் ஊர் மருத்துவரிடமே போனவர்கள் என நான்கு பிரிவு. ஊர் மருத்துவரிடம் போனவர்களிலும் மூன்றில் இருவர் அதே மாதிரி மாத்திரைதான் சாப்பிட்டார்கள். ஆனாலும் ஆய்வுக் குழுவின் பிள்ளைகளுக்குத்தான் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. காரணம், மாதாமாதம் அரைமணிநேரச் சந்திப்பு, ஆசிரியரிடமிருந்து தகவல், அதற்கேற்ப டோஸ் திருத்தம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது நான்கு பிரிவுக்கும் இடையே வித்தியாசம் மறைந்துவிட்டது. 'மாத்திரை வேண்டாம்' என்பவர்களும் 'மாத்திரை போதும்' என்பவர்களும் இந்த ஒரே ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள், ஆளுக்கொரு பாதியை.

மனச்சோர்வு மாத்திரையில் கதை இன்னும் சிக்கலானது. 2004இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 24 மருந்துச் சோதனைகளை, நாலாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட இளம் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்திருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். அந்தச் சோதனைகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. மருந்து அட்டையில் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது, மருந்து எழுதுவதும் குறைந்தது. அதே 2004இல் வெளிவந்த டாட்ஸ் என்ற ஆய்வில், மனச்சோர்வு உள்ள, 12 முதல் 17 வயது வரையான 439 பேரில் பன்னிரண்டு வாரத்தில் நன்றாக முன்னேறியவர்கள்: மாத்திரையும் சி.பி.டி.யும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம், ஃப்ளூவாக்செட்டின் என்ற அந்த மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 61, சி.பி.டி. மட்டும் 43, போலி மாத்திரை 35. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது? மருந்து பலன் தருகிறது. சிலருக்கு ஆரம்ப வாரங்களில் ஆபத்தும் தருகிறது. அதனால்தான் முதல் மாதத்தில் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டு, நிலைகொள்ளாமல் தவித்து, ஆளே மாறியதுபோல் தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக்கூடாது. மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் கூடாது.

எல்லா எச்சரிக்கையும் மருந்தைப் பற்றியே என்றில்லை. பெயர் சூட்டுவதிலும் அலை அடிக்கும். அமெரிக்காவில் பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் நோய் என்ற பெயரோடு மருத்துவரைப் பார்த்த பிள்ளைகளின் வருகை 1994-95க்கும் 2002-03க்கும் இடையில் நாற்பது மடங்கு கூடியது. பிள்ளைகளின் மூளை எட்டு வருடத்தில் அப்படி மாறிவிடாது. ஓயாத எரிச்சலையும் வெடிக்கும் கோபத்தையும் பைபோலார் என்று அழைக்கும் பழக்கம் பரவியதும், எடையைக் கூட்டி ரத்தச் சர்க்கரையைக் குலைக்கக்கூடிய வீரிய மருந்துகள் பல பிள்ளைகளின் வாய்க்குள் போயின. 2013இல் வந்த டி.எஸ்.எம்-5, இந்தப் பிள்ளைகளுக்கென்றே தனி நோய்ப்பெயர் ஒன்றை உருவாக்கித்தான் அலையைத் தடுக்கப் பார்த்தது. ஒரு பெயரை விரட்ட இன்னொரு பெயர். அது சரியான வழியா என்பதில் துறைக்குள்ளேயே சண்டை ஓயவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க"

பதின்பருவத்தினரின் சிகிச்சையில் இந்த வாக்கியம் எப்படியும் ஒருநாள் வரும். முதல் சந்திப்பிலேயே பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து விதியைச் சொல்லிவிடுவது வழக்கம்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் வெளியே சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல நேர்ந்தாலும் உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன். காதல், சிகரெட், வகுப்புக்கு மட்டம் போட்டது எல்லாவற்றையும் பெற்றோரிடம் ஒப்பிக்கும் மருத்துவரிடம் எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை உண்மை பேசாது. பெற்றோருக்கு இது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதும் அவர்கள் தரும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுமோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராக, நிதானமாகக் கேட்டால் பல பிள்ளைகளுக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களோடு சேர்ந்தே ஒரு தாளில் எழுதுகிறார்கள்: எண்ணம் வரும் முன் எனக்கு என்ன ஆகும், அப்போது நானே என்ன செய்வேன், யாரிடம் போவேன், எந்த நம்பருக்குக் கூப்பிடுவேன். ஆபத்தான பொருட்களை வீட்டில் எட்டாத இடத்தில் பூட்டிவைக்கும் பொறுப்பு பெற்றோருக்கு. இளவயதினரின் தற்கொலை உந்துதல் பல சமயம் சட்டென்று பொங்கிச் சட்டென்று வடியும் என்பதால், அந்த நேரத்தில் பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

வார்டில் சேர்ப்பது கடைசிக் கட்டம்: உயிருக்கு ஆபத்து, தீவிர மனச்சிதைவு, உடல் தாங்காத பட்டினி. பெரியவர்களோடு சேர்த்து வைக்காமல் தனிப் பிரிவு, உள்ளேயே படிப்பு, பெற்றோர் வந்துபோக வழி என்பவை நல்ல வார்டின் குறைந்தபட்சம். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து கூடிய காலம். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்த சந்திப்பின் தேதி இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்காமல் கிளம்பக்கூடாது.

பதினெட்டாவது பிறந்தநாள்

பல நாடுகளில் பதினெட்டு முடிந்ததும் குழந்தைப் பிரிவின் கதவு சாத்தப்படும். இங்கிலாந்தில் ஸ்வரண் சிங் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் பிரிவுக்கு முறையாகக் கைமாற்றப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. மனநோய்கள் அதிகம் தலைகாட்டும் வயதுக்கு நட்டநடுவில் இந்தப் பிளவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல் உருவான ஹெட்ஸ்பேஸ் மையங்கள் 12 முதல் 25 வயதுவரை ஒரே இடத்தில் பார்ப்பது இதைச் சரிசெய்யத்தான்.

கதவு எந்த வயதில் இருந்தாலும், தாண்டும் நாள் ஒன்று வரும். பத்து வருடமாக அம்மாவின் குரலில் எழுதப்பட்ட தடித்த கோப்பு மேசைமேல் இருக்கிறது. எதிரே புதிய மருத்துவர். இந்த முறை பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. "என்ன பிரச்சினை?" என்று அவர் கேட்கிறார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே அவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.